தொட வேண்டாம் என்று நீ சொன்ன செடிகள்

தம்பி,

உன் தக்காளிச் செடிகளை நான் பிடுங்கிவிட்டேன். எல்லாவற்றையும். வாடியதை மட்டுமல்ல, நன்றாக நின்றதையும் சேர்த்துத்தான். இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று பல தடவை கூப்பிட்டேன். நீ எடுத்தவுடன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். நானும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்துவிடுகிறேன். வைத்த பிறகு ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறேன். இப்போது பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து மாலாவின் கையில் கொடுத்துவிட்டார்கள், பேத்தி பால் குடிக்கிறாள் என்று உன் அம்மா சொன்னாள். இனிச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நீ உடனே என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இவருக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லையே, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்று நினைப்பாய். நினைக்க உனக்குக் காரணம் இருக்கிறது. சென்னை வேலையை விட்டுவிட்டு நீ பையோடு வந்து இறங்கிய அன்று நான் பேசிய பேச்சு அப்படி. "நான் வெயில்லயும் மழையிலயும் ரோட்டுல நின்னதே நீ நிழல்ல உக்காரணும்னுதான்லே" என்றேன். "உக்காந்து பாத்துட்டேம்ப்பா. என்னால முடியல" என்று நீ சொன்னாய். அதற்கு மேல் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாலாதான் அன்றைக்குப் பேசினாள். வயிற்றில் பிள்ளையோடு உன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு பருவம் பாருங்க. நிக்க முடியும்னு தெரிஞ்சா நானும் பேங்க்ல தென்காசிக்கு மாறுதல் கேக்குறேன். இல்லேன்னா மறுபடி சென்னைதான். அப்புறம் இதைப் பத்திப் பேசக் கூடாது" என்றாள். அந்தப் பெண்ணின் தெளிவு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பருவம்தானே, தானாக முடிந்துவிடும் என்று நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பருவம் இப்படி வரும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனி ஆடியில் மலையை மறைத்துக்கொண்டு வர வேண்டிய சாரல் இந்த முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மேல்காற்று மட்டும் அடித்தது. நீ நட்ட நாற்று எல்லாம் கிழக்கே தலை சாய்ந்து, மண் பூசிய முகத்தோடு கிடந்தது. ஆவணி வெயிலில் வெள்ளை ஈ வந்து இலை சுருண்டது. சுருண்ட செடிகளைத் தேடித் தேடி நீயே பிடுங்கிவிட்டு, போன இடத்தில் புதிதாக நட்டாய். குச்சி ஊன்றி, சணலில் சுற்றிக் கட்டினாய். நான் அந்தப் பக்கமே போவதில்லை என்று நீ நினைத்திருப்பாய். நீ மதியம் சாப்பிட வீட்டுக்கு வருகிற நேரம் நான் "இலத்தூர் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவதெல்லாம் உன் தோட்டத்துக்குத்தான். பூ வைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, நீ வருவதற்குள் ஓடி வந்துவிடுவேன். புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. செடி நின்ற பார் முழுக்கத் தண்ணீர் நின்றது. காயும் பிடித்திருந்தது. அப்போதுதான் மேட்டுப் பக்கத்து மூலையில் முதல் செடி தலை தொங்கியது.

நீ மருந்தைக் கலக்கி வேரில் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதானே, மாலா பிரசவத்துக்குப் போயிருந்த மதுரையிலிருந்து போன் வந்தது. மாலாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, எட்டாம் மாதம்தான் ஆகிறது என்று அவள் அப்பா அழுதுகொண்டே சொன்னார். நீ சேறு படிந்த காலோடு காரில் ஏறினாய். அம்மாவும் உடுத்திய சேலையோடு உன்னோடு ஏறிவிட்டாள். கதவைச் சாத்துகிற நேரத்தில் கண்ணாடியை இறக்கி என்னிடம் நீ சொன்னது ஒன்றுதான். "நான் வருத வரைக்கும் ஒரு செடியையும் தொடாதீங்கப்பா. மருந்து ஊத்தியிருக்கேன். தேறிரும்." நான் தலையை ஆட்டினேன்.

தம்பி, அது தேறவில்லை. மறுநாள் மதியம் மேட்டு மூலையில் ஒரு கூட்டமே தொங்கி நின்றது. இலை பச்சையாகத்தான் இருந்தது, மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, ஆனால் வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு கிடந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் நிமிர்ந்திருந்தது. உன் மருந்து வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மறுநாள் மதியம் மறுபடியும் தொங்கியது. அப்புறம் நிமிரவே இல்லை. தினமும் காலையில் போகும்போது நோய் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பேன். போலீஸ் ஸ்டேஷனில் இருந்த காலத்தில் எந்த விஷயத்துக்கும் மேலே கேட்க ஒரு ஆள் இருந்தார். இங்கே யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கி பையில் போட்டுக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி, உன் வயதுதான் இருக்கும். தண்டைக் குறுக்கே நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் நேராக நிறுத்தினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி மெல்லிய இழை ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. "பாக்டீரியா வாடல் நோய் சார். இதுக்குக் குணப்படுத்துற மருந்து கிடையாது. மண்ணுல இருக்கும், தண்ணியோட போகும், நம்ம கால்ல ஒட்டிக்கிட்டும் போகும்" என்றாள். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "பிடுங்கி எரிச்சிருங்க. கீழ யார் தோட்டம் இருக்கோ அங்க தண்ணி போகாமப் பாத்துக்கோங்க" என்றாள். நன்றாக நிற்கிற செடியையுமா என்றேன். "அதுக்குள்ளயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த மழையில நான் உறுதியாச் சொல்ல முடியாது சார்." அவள் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது நல்லதுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு அது போதவில்லை. பஸ்ஸில் வரும்போதும் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கீழே யார் தோட்டம் என்று உனக்குத் தெரியும். மைதீன் பாய். சவுதியில் கடையில் நின்றே வயதைக் கழித்துவிட்டு வந்தவர், நீ மறுபடி தக்காளி நட்ட அதே மாதம் அவரும் கத்தரி நட்டார். நீங்கள் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்து, ஒருத்தர் தப்பை ஒருத்தர் திருத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் திரும்பி வந்தபோது அவர் நம் தோட்டத்து மூலையில் நனைந்துகொண்டு நின்றார். கையில் ஒரு கத்தரிச் செடி, பூவோடு. தலை தொங்கியிருந்தது. "ஏட்டையா, உங்க தண்ணி எங்க பக்கந்தான் வடியுது" என்றார். பிடுங்குங்கள் என்று சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், சுலபமாக இருந்திருக்கும். "தம்பி தொட வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான் பாய்" என்றேன். "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது என்றேன். அவர் அந்தச் செடியைக் கீழே போடாமல் கையில் வைத்துக்கொண்டே போனார்.

உன்னிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்றுதான் முதலில் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கோபப்பட்டாள். "பிள்ள உள்ளங்கை தண்டிக்குக் கெடக்கு. அவன் அந்தக் கண்ணாடி பக்கத்தை விட்டு நகர மாட்டங்கான். அவங்கிட்டப் போயி தக்காளியப் பத்தியா கேப்பீய?" என்றாள். "தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கானே" என்றேன். "அப்ப தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இருந்தாலும் சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா? நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "எப்பா, எடை கூடியிருக்குப்பா. கொஞ்சந்தான், ஆனா கூடியிருக்கு" என்றாய். நீ சின்ன வயதில் பரீட்சை மார்க்கைச் சொல்லும்போதுகூட அப்படி ஒரு குரல் வந்ததில்லை. "தோட்டம் எப்படிப்பா இருக்கு?" என்று நீயே கேட்டாய். "மழை பெய்யுது" என்றேன். பொய் இல்லை, ஆனால் பதிலும் இல்லை.

அன்றைக்கெல்லாம் எனக்குக் குற்றால டூட்டி ஞாபகமாகவே இருந்தது. சீசனில் மெயின் அருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த எங்களைப் போடுவார்கள். மேலே மலையில் மழை கருத்தால், தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறினால், விசிலை ஊதி எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். ஒரு தடவை அப்படி ஊதினேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள், தலையில் சீயக்காயோடு நின்றவர்கள், பாதி நனைந்த பிள்ளைகள், எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். ஒரு பெரியவர், "எங்கிருந்தோ வண்டி கட்டி வந்திருக்கோம், இப்படி விரட்டுதியே" என்று என் சட்டையைப் பிடித்துவிட்டார். வெள்ளம் வரவில்லை. தண்ணீர் கொஞ்சம் செம்மண் கலங்கி, பிறகு தெளிந்துவிட்டது. அன்று முழுவதும் எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். நான் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. வந்திருந்தால் சரி என்று ஆகியிருக்கும். வராததால் அது ஒன்றுமே ஆகாமல் போய்விட்டது. அப்படி ஒரு வேலையைத்தான் மறுபடியும் செய்யப் போகிறோம் என்று தோன்றியது. ஆனால் அங்கே எனக்கு யூனிஃபார்ம் இருந்தது. இங்கே நீ சொல்லிவிட்டுப் போன வார்த்தைதான் இருந்தது, அது எதிர்ப்பக்கம் நின்றது.

விடிந்ததும் மண்வெட்டியோடு போனேன். முதலில் கீழ் வரப்பை ஒட்டி ஒரு வடிகால் வெட்டி, தண்ணீர் பாய் தோட்டத்துக்குள் போகாமல் ரோட்டோரப் பள்ளத்துக்குத் திருப்பினேன். பிறகு மேட்டு மூலையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தேன். நீ கட்டிய சணல் எல்லாம் நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க வராமல் அரிவாளால் அறுத்தேன். தண்டை நெரிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் எவ்வளவு தளர்வாகச் சுற்றியிருக்கிறாய். கொஞ்ச நேரத்தில் மைதீன் பாய் வந்தார். நான் கூப்பிடவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினார். காயைப் பறித்துச் சாக்கில் போட்டோம், செடியைத் தார்ப்பாயில் குவித்தோம். வாடிய வரிசைகள் முடிந்து, நல்ல செடிகள் நிற்கிற இடத்துக்கு வந்தோம். அங்கே ஒரு வரிசை, உனக்கே தெரியும், இடுப்பு உயரத்துக்கு வந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்து, ஒரு இலைகூடச் சுருளாமல் நின்றது. பாய் நிமிர்ந்து நின்றுவிட்டார். "இதை விட்ருங்க ஏட்டையா. இது நல்லாத்தான நிக்குது. தம்பி வந்து பாக்கட்டும்" என்றார். அவர் தோட்டத்துக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன், அவரே வேண்டாம் என்கிறார்.

நான் அந்த இடத்தில் வெகு நேரம் நின்றேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். பாதித் தோட்டம் காலியானபோதே என் மனசு லேசாகியிருந்தது. முடிந்தது, இனி அவன் சென்னைக்குப் போய்விடுவான் என்று ஒரு நினைப்பு, யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தது. அது வந்ததும் என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வரிசையைப் பிடுங்கினால் நோய்க்காகப் பிடுங்குகிறேனா, என் ஆசைக்காகப் பிடுங்குகிறேனா? விட்டால், செடி நல்லது என்று விடுகிறேனா, நீ என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று விடுகிறேனா? எப்படிப் பார்த்தாலும் மனசு கலங்கலாகத்தான் இருந்தது. தெளியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை, தண்ணீர் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கீழே அந்த மனுஷனின் கத்தரி பூத்து நின்றது. அதை மட்டும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பிடுங்கினேன். பாயும் மறு முனையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். வேரில் ஒட்டிய மண்ணை உதறும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

எரிக்க முடியவில்லை. அத்தனை ஈரம். மேட்டில் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, மழை விடுமா விடுமா என்று நாளும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பச்சைக் காய் சாக்குச் சாக்காகக் கிடந்தது. சாப்பிடக் கெடுதல் இல்லை என்று அந்த அதிகாரி போனில் சொன்ன பிறகு, தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தேன். பச்சைத் தக்காளியில் கூட்டு வைத்து ஒரு வாரம் நானும் அதையே தின்றேன். பாய் தோட்டத்தில் நம் வரப்பை ஒட்டிய பக்கம் இன்னும் சில செடிகள் போயின. அவர் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினார். அப்புறம் மழை விட்டது. நோய் அங்கேயே நின்றுவிட்டது. இப்போது சுரண்டை சந்தைக்குக் கத்தரிக்காய் அனுப்புகிறார். முதல் பறிப்பில் ஒரு பை நிறைய கொண்டுவந்து நம் அடுக்களையில் வைத்துவிட்டு, "தம்பிகிட்ட சொல்லிட்டீயளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லுங்க. நானும் கூட நின்னேன்னும் சொல்லுங்க" என்றார். நான் பிடுங்கியதால் அவர் செடி தப்பியதா, வடிகாலைத் திருப்பியதாலா, மழை விட்டதாலா, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. உன் நல்ல வரிசை நின்றிருந்தால் பிழைத்திருக்குமா என்பதும் இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

செடிகளை எரித்து முடித்த பிறகு எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் போகிறேன். காலி நிலத்தில் நடந்துவிட்டு, பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் கிளம்புகிறேன். முடிந்தால் நிம்மதி என்று நினைத்தேனே, அந்த நிம்மதி இதுவரைக்கும் வரவில்லை. இந்த மண்ணில் இனிக் கொஞ்ச காலத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கக் கூடாதாம். மக்காச்சோளம் போடலாம் என்கிறார்கள். நான் போடவில்லை. ஒரு தடவை உன்னைக் கேட்காமல் செய்தாயிற்று.

இனி அந்தக் காரணம். முந்தாநாள் மாலா என்னைக் கூப்பிட்டாள். பிள்ளை மடியில் இருந்தது போலிருக்கிறது, குரலை அடக்கிப் பேசினாள். "மாமா, அவர் தோட்டத்தைப் பத்தி எதுவுமே பேச மாட்டேங்குறாரு. நான் வருத்தப்படுவேன்னு நெனைக்கிறாரு போல. நீங்க உண்மையச் சொல்லுங்க. அங்க நிக்க முடியுமா? நான் சென்னையில வீடு பாக்கச் சொல்லணுமா?" என்று கேட்டாள். தம்பி, நான் எத்தனை மாதமாக ஆசைப்பட்ட கேள்வி அது. முடியாதும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ அடுத்த மாதமே சென்னையில் இருப்பாய். தோட்டத்தில் செடியும் இல்லை, அது பொய்யும் ஆகாது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால், "செடி எல்லாத்தையும் நான் பிடுங்கிட்டேம்மா. நோயி. அவனுக்கு இன்னும் தெரியாது" என்றேன். "நிக்க முடியுமான்னு எனக்குத் தெரியல. இந்த ஒரு பருவத்தை வச்சு அவனை அளக்கவும் கூடாது. எங்க ரெண்டு பேருக்கும் இப்பத்தான் ஒண்ணு ரெண்டு தெரிய ஆரம்பிச்சிருக்கு" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் என்று சொன்னது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. அவள், "அப்ப இன்னும் ஒரு வருசம் பாக்கலாமா மாமா?" என்றாள். "அதை எங்கிட்டக் கேக்காத தாயி, அவங்கிட்டக் கேளு" என்றேன்.

அவள் கேட்பாள். சீக்கிரமே, பிள்ளை தூங்குகிற ஒரு நேரத்தில் கேட்பாள். அதற்கு முன்னால் நான் செய்தது உனக்கு என் மூலமாகத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, அது உன் செடி. ஆனால் அந்தக் கோபத்தோடு அவளுக்குப் பதில் சொல்லாதே. அப்பாவுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று இங்கே வராதே, அப்பா ஆசைப்பட்டாரே என்று சென்னைக்கும் போகாதே. தோற்றுவிட்டேன் என்றும் அவளிடம் சொல்லாதே. நட்டுவிட்டுப் போனவன் நீ, தோட்டம் காலியானது நீ இல்லாதபோது. எங்கே இருந்தாலும் அவளிடம் எதையும் மூடி வைக்காதே. வருத்தப்படுவாளே என்று நீ மறைத்ததை அவள் என்னிடம் வந்து கேட்க வேண்டியதாயிற்று. நீ வருத்தப்படுவாயே என்று நான் மறைத்து இத்தனை நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். நம் வீட்டில் ஆம்பிளைகளுக்கு இது ஒரு வியாதி. இதற்கு மருந்து உண்டு, வாயைத் திறப்பதுதான்.

படித்து முடித்ததும் போன் பண்ணு. என்னைத் திட்டுவதற்காக இருந்தாலும் பண்ணு. நான் எடுப்பேன்.

அப்பா